விரிவாக்கம் தெரியும், விவரம் தெரியாது!

"வைஃபை - விரிவாக்கம் தருக." ஒரு மதிப்பெண். வயர்லெஸ் ஃபிடெலிட்டி என்று எழுதுவோம், டிக் விழும். லேன், மேன், வேன் வேறுபாடு கேட்டால் மூன்று மதிப்பெண். ப்ளஸ் டூவில் வணிகவியலோடு கணினிப் பயன்பாடுகள் எடுத்த மக்களுக்கு ஓஎஸ்ஐ ஏழு அடுக்கும், ஆர்ஜே-45 கேபிளில் எட்டு ஒயரின் கலர் வரிசையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும்.

சரி மக்களே, உங்க வீட்டு வைஃபைக்கு என்ன பூட்டு போட்டிருக்கு? டபிள்யூபிஏ2-வா, டபிள்யூபிஏ3-யா, இல்லை பூட்டே இல்லையா? கிளாஸில் பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் கனெக்ஷன் கொடுக்க வந்த அண்ணன் போட்டுட்டுப் போனதுடா" என்பதுதான் பதிலாக வரும்.

இதில் பெரிய காமெடி, அந்த ஒரு மார்க் விடையே தப்பு என்பது. 1999-ல் 'ஐஈஈஈ 802.11பி' என்ற பெயர் யார் வாயிலும் நுழையாது என்பதால், அதை விற்க நினைத்த கம்பெனிகளின் கூட்டமைப்பு, இன்டர்பிராண்ட் என்ற பெயர் வைக்கும் நிறுவனத்திடம் போனது. ஹை-ஃபை மாதிரி காதுக்கு இதமாக ஒரு பெயர் வேண்டும் என்று வந்ததுதான் வைஃபை. அதற்கு விரிவாக்கமே கிடையாது. பெயருக்கு ஒரு அர்த்தம் வேண்டுமே என்று 'வயர்லெஸ் ஃபிடெலிட்டி' என்ற விளம்பர வரியைக் கொஞ்ச காலம் ஒட்டிப் பார்த்தார்கள், பிறகு எடுத்துவிட்டார்கள். அவர்கள் எடுத்துவிட்டார்கள், நம்ம ஊர் கைடு புத்தகங்கள் இன்னும் எடுக்கவில்லை :)

இது வெறும் பரீட்சை மேட்டர் என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். என் கோபம் வேறு. இந்தச் சொற்களின் அர்த்தத்தை யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை. பூட்டு போடும் வேலையையும் யாரும் நம்மிடம் தருவதில்லை. ஆனால் ஏதாவது நடந்தால் மட்டும் "படிச்சவன்தானே, இதுகூடத் தெரியாதா?" என்று மொத்தப் பொறுப்பையும் பில்லில் பெயர் இருப்பவன் தலையில் கட்டுகிறார்கள். இந்த அநியாயம் நம்ம நாட்டில் ஏற்கெனவே நடந்திருக்கிறது.

2008-ல் நடந்தது

2008 ஜூலை 26. அகமதாபாத்தில் வரிசையாகக் குண்டுகள் வெடித்தன. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். வெடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்னால் செய்தி நிறுவனங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் போயிருந்தது. போலீஸ் அதன் ஐபி முகவரியைத் தேடிப் போனது. அது போய் நின்ற இடம் நவி மும்பையில் சான்பாடா, ஒரு அடுக்குமாடி வீடு. அங்கே குடியிருந்தவர் கென்னத் ஹேவுட் என்ற அமெரிக்கர்.

கணினிகளைக் கைப்பற்றினார்கள். விசாரித்தார்கள். நாடு முழுக்கப் பத்திரிகைகளில் அவர் பெயர் வந்தது. அவர் வீட்டு வைஃபையை வெளியாள் யாரோ பயன்படுத்தி அந்த மெயிலை அனுப்பியிருக்கிறார்கள் என்பது பிறகு தெரிந்தது. அகமதாபாத் வழக்கில் 2022 பிப்ரவரியில் சிறப்பு நீதிமன்றம் 49 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அந்தப் பட்டியலில் ஹேவுட் இல்லை, இருக்கவும் வழியில்லை. ஆனால் 2008-ல் செய்தி பார்த்தவர்களுக்கு அவர் "அந்த மெயில் வீட்டுக்காரர்"தான்.

அதோடு நிற்கவில்லை. ஆகஸ்டில் வந்த அடுத்த மெயில் மும்பை மாதுங்காவில் ஒரு கல்லூரியின் வைஃபையிலிருந்து. செப்டம்பர் 13, டெல்லி குண்டுவெடிப்பு. அன்றைய மெயில் செம்பூரில் ஒரு தனியார் அலுவலக வைஃபையிலிருந்து. ஒரு வீடு, ஒரு காலேஜ், ஒரு ஆபீஸ். மூன்று இடத்திலும் படித்தவர்கள்தான் இருந்தார்கள். மூன்றிலும் உள்ளே நுழைய ஒருவனுக்கு வழி கிடைத்தது. இதற்குப் பிறகும் "பூட்டு போடாத முட்டாளின் தப்பு" என்று பேசுவது சுத்த சோம்பேறித்தனம். மூன்று பேரும் ஒரே மாதிரி தவறினால் குறை அவர்களுக்கு அதை விற்ற முறையிலும் இருக்கிறது.

ஐபி முகவரி ஆளின் பெயர் இல்லை

போலீஸ் ஏன் ஹேவுட் வீட்டுக்குப் போனது? இங்கேதான் முதல் சொல்.

ஐபி முகவரி என்றால் "இணைய நெறிமுறை முகவரி" என்று எழுதி முடித்துவிடுவோம். உலகத்தில் பழைய முறைப்படி (ஐபிவி4) மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகள்தான் உண்டு. இன்று ஆளுக்கொரு போன், லேப்டாப், டிவி. எப்படிப் பத்தும்? அதனால் வீட்டுக்கு ஒரு வெளி முகவரி மட்டும் கொடுத்துவிட்டு, உள்ளே இருக்கும் சாதனங்களுக்கு 192.168 என்று தொடங்கும் உள் முகவரிகளை ரவுட்டரே பிரித்துத் தருகிறது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே முகவரி. இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் நாட்.

ஒரு காம்பவுண்டில் ஆறு குடித்தனம், வாசலில் ஒரே ஒரு தபால் பெட்டி. அந்த விலாசத்திலிருந்து ஒரு மொட்டைக் கடிதம் போனால், எந்தக் குடித்தனம் எழுதியது என்று விலாசம் சொல்லுமா? வீட்டு ஓனர் யார் என்று மட்டும்தான் சொல்லும். ஐபி முகவரியும் பில் யார் பெயரில் என்று மட்டும்தான் சொல்லும், விசைப்பலகையில் யார் விரல் இருந்தது என்று சொல்லாது. தேடலை அங்கிருந்து தொடங்கலாம், தப்பில்லை. அங்கேயே முடித்துக்கொள்வதுதான் தப்பு.

அப்போ மேக் முகவரி? அது சாதனத்தில் பொறித்த 12 இலக்க அடையாளம், அது காட்டிக் கொடுக்காதா என்று கேட்பீர்கள். முதலாவது, அது ரவுட்டரைத் தாண்டி வெளியே போகாது. இரண்டாவது, அதை மென்பொருளால் மாற்றிக்கொள்ளலாம். இன்றைய ஆண்ட்ராய்டும் ஐபோனும் தாமாகவே ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் மேக் முகவரியைக் காட்டுகின்றன. அதனால் "மேக் ஃபில்டர் போட்டிருக்கேன், ஒருத்தனும் வரமுடியாது" என்று சொல்லும் நண்பர்கள் கொஞ்சம் அடக்கி வாசிக்கவும்.

2008-க்குப் பிறகு என்ன செய்தார்கள்? 2009 ஜனவரியில் மும்பை போலீஸ், பூட்டில்லாத வைஃபைகளைத் தெருத் தெருவாகத் தேடப் போவதாக அறிவித்தது. பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை இணைய நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டது. பொது இடத்து வைஃபையில் ஆளின் அடையாளம் பதிவாக வேண்டும், இல்லை மொபைலுக்கு எஸ்எம்எஸ் வழியாக உள்நுழைவு தர வேண்டும். இன்று ரயில்வே ஸ்டேஷனில் வைஃபை போட்டால் ஓடிபி கேட்பதன் பின்கதை இதுதான். பொது இடத்துக்குச் சரி. வீட்டுக்காரருக்கு யார் சொல்லித் தந்தது?

ஜெர்மனியிலும் இதே கூத்துதான். ஒருவர் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது அவர் வைஃபை வழியாக யாரோ ஒரு பாட்டைப் பகிர்ந்துவிட்டார்கள். 2010 மே 12-ல் அந்நாட்டு உச்ச வழக்கு மன்றம், நஷ்டஈடு தரவேண்டாம், ஆனால் வைஃபையைச் சரியாகப் பூட்டாத வகையில் பொறுப்பு உண்டு என்றது. ஜெர்மனியில் காபிக்கடைக்காரர்கள்கூட வைஃபை தரத் தயங்கினார்கள். 2017-ல் சட்டத்தையே திருத்தி அந்தப் பொறுப்பை எடுக்க வேண்டியிருந்தது. பயம் காட்டிப் பாதுகாப்பு வளர்க்க முடியாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

பி.காம் பாஷையில் சொன்னால்

நமக்குச் செக் தெரியும். பேரர் செக் என்றால் கொண்டு வருபவனுக்குப் பணம். இரண்டு கோடு போட்டுக் கிராஸ் செய்தால் கவுண்டரில் பணம் கிடைக்காது, வங்கிக் கணக்கு வழியாகத்தான். அக்கவுண்ட் பேயீ என்று எழுதினால் பெயருள்ளவர் கணக்குக்கு மட்டும். 1881-ம் வருஷத்து மாற்றுமுறை ஆவணச் சட்டத்தை நூற்றி நாற்பது வருஷம் கழித்தும் நாம் உருப்போடுகிறோம், ஏன்? கோடு போடாமல் கொடுத்தால் என்ன நஷ்டம் என்று தெரியும் என்பதால். வைஃபை பூட்டுகளையும் அப்படியே பாருங்கள்.

ஓபன் வைஃபை: பேரர் செக். யார் வேண்டுமானாலும் நுழையலாம். அதோடு, காற்றில் போவதும் போஸ்ட் கார்டு மாதிரி, பக்கத்தில் இருப்பவர் படிக்கலாம். 2010 அக்டோபரில் எரிக் பட்லர் என்பவர் ஃபயர்ஷீப் என்று ஒரு சின்ன நிரலை வெளியிட்டார். ஒரே வைஃபையில் இருக்கும் அடுத்தவரின் ஃபேஸ்புக் கணக்குக்குள் இரண்டு கிளிக்கில் போய்விடலாம். அதன் பிறகுதான், 2011 ஜனவரியில், முழுநேர எச்டிடிபிஎஸ் வசதியை ஃபேஸ்புக் கொடுத்தது.

டபிள்யூஇபி: பென்சிலால் கோடு போட்ட செக். கம்பி வழி இணைப்புக்கு நிகரான அந்தரங்கம் என்று பெயரிலேயே பந்தா உண்டு. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் சாவியோடு சேர்க்கும் எண் 24 பிட்டுதான், அதாவது சுமார் 1 கோடியே 67 லட்சம் வகை. போக்குவரத்து அதிகமானால் அதே எண்கள் திரும்ப வந்துவிடும். 2001-லேயே ஃப்ளூரர், மான்டின், ஷமீர் மூவரும் இதன் ஓட்டையைக் காட்டினார்கள். 2007-ல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் பல்கலைக்கழக ஆட்கள் ஒரு நிமிடத்துக்குள் உடைத்தார்கள்.

டபிள்யூபிஏ2: ஒழுங்காகக் கிராஸ் செய்த செக். 2004-ல் வந்தது. 2017-ல் 'கிராக்' என்ற ஓட்டையை மத்தி வான்ஹூஃப் கண்டுபிடித்தார், மென்பொருள் புதுப்பித்து அடைத்தார்கள். ஆனால் ஒன்று, கடைச் சுவரில் பாஸ்வேர்டை எழுதி ஒட்டிவிட்டால் அதே பாஸ்வேர்டு தெரிந்த பக்கத்து மேசைக்காரர் முனைந்தால் உங்கள் போக்குவரத்தைப் பிரித்துப் பார்க்க வழியுண்டு.

டபிள்யூபிஏ3: 2018-ல் வந்தது, அக்கவுண்ட் பேயீ. அந்தப் பக்கத்து மேசைப் பிரச்சினை இதில் இல்லை. காற்றில் பிடித்ததை வீட்டுக்கு எடுத்துப் போய் நிதானமாக ஊகித்துப் பார்ப்பதும் நடக்காது.

எஸ்எஸ்ஐடி: வைஃபையின் பெயர், அவ்வளவுதான். அதை மறைத்து வைப்பது கடை போர்டைக் கழற்றிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பது மாதிரி.

எச்டிடிபிஎஸ் பூட்டுப் படம்: வழியில் யாரும் படிக்க முடியாது என்று மட்டும் பொருள். போய்ச் சேரும் தளம் யோக்கியமானது என்று பொருள் இல்லை. திருடனும் உறை ஒட்டித்தான் கடிதம் போடுவான்.

இவ்வளவுதான் சார். அக்கவுண்ட்ஸில் பிராவிஷன் ஃபார் டவுட்ஃபுல் டெப்ட்ஸ் புரிந்துகொண்ட நமக்கு இது கஷ்டமா?

நம்ம ஊர் நிலவரம்

கணியம்பாடி பெரிய ஊர் இல்லை. வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் ரோட்டில், ஜவ்வாது மலைக்கு இந்தப் பக்கம். மலைப்பக்கம் போனால் போன் சிக்னல் எங்கே போகும் எங்கே வரும் என்று சொல்ல முடியாது. அதனால் ரோட்டோரத்தில் ஒரு வீட்டிலோ கடையிலோ வைஃபை இருந்தால் அது ஒரு வீட்டுக்கு மட்டும் இருப்பதில்லை. ஆன்லைன் கிளாஸ் நடந்த 2020-லும் 2021-லும் ஒரு திண்ணையில் நாலு வீட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்து படித்தார்கள். அது நல்ல விஷயம். அதைக் குறை சொல்லும் ஆளை நான் எதிர்ப்பேன்.

என் சண்டை, கனெக்ஷன் கொடுக்கும் முறையோடு. ஒருவர் வருவார். ஒயர் இழுப்பார். பெட்டியை மாட்டுவார். பெயர் என்ன, நம்பர் என்ன என்று கேட்பார். வைஃபைக்கு வீட்டுக்காரர் பெயர், பாஸ்வேர்டுக்கு அவருடைய மொபைல் நம்பர். "ஈஸியா ஞாபகம் இருக்கும் சார்." அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போமா? நம்ம நாட்டு மொபைல் எண் 6, 7, 8, 9-ல்தான் தொடங்கும், மீதி ஒன்பது இலக்கம். மொத்தம் 400 கோடி வாய்ப்பு. டபிள்யூபிஏ2-வில் இணைப்பு ஏற்படும்போது நடக்கும் கைகுலுக்கலைக் காற்றில் பிடித்துக்கொண்டால், ஒரு நல்ல கிராபிக்ஸ் கார்டு வினாடிக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் முயன்று பார்க்கும். 400 கோடியையும் முடிக்க 4,000 வினாடி, ஒன்றேகால் மணி நேரம்கூட இல்லை. அவ்வளவு சிரமம்கூட எதற்கு? அந்த நம்பர் கடை போர்டிலேயே எழுதியிருக்கிறதே!

அடுத்தது டபிள்யூபிஎஸ். பட்டனை அமுக்கினால் இணையும் வசதி, எட்டு இலக்கப் பின் எண்ணும் உண்டு. எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி என்று நினைப்போம். கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு, மீதியையும் இரண்டு பாதியாகத் தனித்தனியே சோதிக்கிறது. ஆக 10,000-மும் 1,000-மும், மொத்தம் 11,000 முயற்சி போதும். 2011 டிசம்பரில் ஸ்டீஃபன் வீபொக் இதை வெளியிட்டார். அந்தப் பின் வசதியோடு பழைய பெட்டிகள் இன்னும் ஓடுகின்றன.

அப்புறம் ரவுட்டரின் உள் பாஸ்வேர்டு. வைஃபை பாஸ்வேர்டு வேறு, இது வேறு. பல பெட்டிகளில் பெயரும் 'அட்மின்', பாஸ்வேர்டும் 'அட்மின்'. 2016-ல் மிராய் என்ற தீநிரல், இப்படிப்பட்ட அறுபது சொச்சம் ஆலைப் பாஸ்வேர்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு உலகம் முழுக்கக் கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. அந்த அக்டோபர் 21-ல் அமெரிக்காவில் ட்விட்டர் உட்படப் பல தளங்கள் முடங்கின.

கம்பெனிக்கு ஐந்து நிமிட வேலை மிச்சம். ஆபத்து முழுக்க வாடிக்கையாளருக்கு. வரவு ஒரு லெட்ஜரில், பற்று வேறொருவர் லெட்ஜரில். இப்படி ஒரு கணக்கை நாங்கள் பரீட்சையில் எழுதினால் ஃபெயில் போடுவீர்களா மாட்டீர்களா?

சில வாதங்கள், சில பதில்கள்

"என்கிட்ட திருட என்ன இருக்கு?" - ஹேவுட் வீட்டில் யாரும் எதையும் திருடவில்லை. அவர் விலாசத்தைத்தான் எடுத்தார்கள். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டு ரோட்டில் வைத்துவிட்டு, தாள் விலை ஐம்பது பைசாதானே என்பீர்களா?

"இதெல்லாம் ஐடி பசங்க வேலை." - செக் எழுத பேங்க் மேனேஜராக வேண்டியதில்லை. வைஃபை போட இன்ஜினியராக வேண்டியதில்லை.

"பக்கத்து வீட்டு வைஃபைதானே, சும்மா கிடக்குது, யூஸ் பண்ணேன்." - 2000-ம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43-வது பிரிவு, உரிமையாளர் அனுமதியில்லாமல் கணினி வலையமைப்பில் நுழைவதைச் சொல்கிறது. திறந்த கதவு என்பது அழைப்பிதழ் இல்லை.

"கிராமத்துல யாருங்க ஹேக் பண்றது?" - 2020 டிசம்பரில் மத்திய அரசு பிஎம்-வாணி திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. அதன்படி டீக்கடைக்காரர்கூட பிடிஓ ஆகி வைஃபை விற்கலாம். (நம்ம ஒன்றிய ஆபீஸ் பிடிஓ இல்லைங்க, இது பொதுத் தரவு அலுவலகம்!) டீக்கடை வரைக்கும் வைஃபை வரலாம், அதன் அர்த்தம் மட்டும் வரக்கூடாதா?

என்னதான் வேண்டும் என்கிறாய்?

ஒன்று, கனெக்ஷன் கொடுக்கும் நிறுவனங்கள் வாடிக்கையாளர் கண்முன்னால், அவரே தேர்ந்தெடுத்த பாஸ்வேர்டை அவர் கையாலேயே போட வைக்கட்டும். தமிழில் ஒரு பக்கத் தாள் கொடுக்கட்டும். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் எல்லாப் பெட்டிக்கும் ஒரே ஆலைப் பாஸ்வேர்டு போட்டு விற்பது சட்டப்படி தப்பு. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

இரண்டு, கேள்வித்தாள் போடுபவர்கள் "விரிவாக்கம் தருக"வை விட்டுவிட்டு, "ஒரு கடைக்காரர் வைஃபைக்குத் தன் மொபைல் எண்ணைப் பாஸ்வேர்டாக வைத்திருக்கிறார், இதில் என்ன ஆபத்து?" என்று கேட்கட்டும். ஐந்து மார்க் போடட்டும்.

மூன்று, ஐபி முகவரி கிடைத்த உடனே அந்த வீட்டுக்காரர் பெயரைப் பத்திரிகையில் போடும் பழக்கம் ஒழியட்டும்.

அதுவரைக்கும் நாம் செய்ய வேண்டியது, பத்து நிமிட வேலை:

1. வைஃபை பாஸ்வேர்டை மாற்றுங்கள். தொடர்பில்லாத நாலைந்து தமிழ்ச் சொற்களைச் சேர்த்து எழுதினால் போதும், 63 எழுத்து வரை இடமுண்டு. பெயர், நம்பர், பிறந்த தேதி கூடாது.
2. பூட்டு வகை டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 தானா பாருங்கள்.
3. ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள்.
4. டபிள்யூபிஎஸ்ஸை அணைத்துவிடுங்கள்.
5. திண்ணைப் பிள்ளைகளுக்கு கெஸ்ட் நெட்வொர்க் போட்டுக் கொடுங்கள். அவர்களும் படிக்கட்டும், உங்கள் கணினியும் தனியாக இருக்கட்டும்.
6. ரவுட்டர் மென்பொருளுக்குப் புதுப்பிப்பு வந்தால் போடுங்கள்.

உங்கள் வீட்டில் முடித்துவிட்டால் பக்கத்து வீட்டு அக்காவுக்கும், எதிர் ஜெராக்ஸ் கடை அண்ணனுக்கும் செய்து கொடுங்கள். செய்யும்போது ஏன் என்றும் சொல்லிக் கொடுங்கள். அதுதான் முக்கியம்.

டிஸ்கி: நான் பி.காம் மாணவன், நெட்வொர்க் நிபுணன் இல்லை. அதனால்தான் எழுதினேன். எனக்கே புரிகிறது என்றால் இதைப் புரியவைக்க முடியாது என்று சொல்பவர்கள் புரியவைக்க விரும்பவில்லை என்றுதான் அர்த்தம். மாற்றுக் கருத்து இருந்தால் வாங்க, பேசுவோம்.